கழிப்பறைக் கதவில் ஒரு ஆஷ்ட்ரே

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. மார்ச் கணக்கு முடிப்பு, அப்புறம் ஆடிட்டர்கள், அப்புறம் ஆடிட்டர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்னு ஓடிடுச்சு. பாங்க்ல வேலை பார்க்கிறவங்களுக்குப் புரியும். மத்தவங்க மன்னிச்சுக்கோங்க.

இன்னிக்கு எழுதப்போறதும் ஒரு மன்னிப்புதான். யார்கிட்ட கேட்கணுமோ அவங்க பேர் எனக்குத் தெரியாது. அதனால கொஞ்சம் சரித்திரமா எழுதி மனசை ஆத்திக்கறேன்.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி. ரெண்டு வருஷம் முன்னாடி, பொங்கலுக்கு மும்பையிலிருந்து கோயமுத்தூர் போனேன். தங்கமணியும் பொண்ணும் முன்னாடியே ரயில்ல போயாச்சு. என்கூட வந்தது அக்கா பையன். இங்கே நவி மும்பையில காலேஜ் படிக்கிறான். விமானம் கிளம்பி ஒரு மணி நேரம் இருக்கும். பையன் எழுந்து பின்பக்கம் போயிட்டு வந்து உட்கார்ந்தான். அஞ்சு நிமிஷத்துல ஒரு ஏர்ஹோஸ்டஸ் வந்தாங்க. பேச்சுல நாகர்கோவில் பக்கம் தெரிஞ்சது.

"சார், இவர் உங்ககூட வந்தவரா?"

"ஆமா, என் அக்கா பையன். என்ன விஷயம்?"

அந்தப் பொண்ணு குனிஞ்சு, பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காத குரல்ல பையன்கிட்ட கேட்டாங்க. "தம்பி, டாய்லெட்ல வேப் மாதிரி ஏதாவது யூஸ் பண்ணீங்களா?"

அவன் "இல்லையே"ன்னான். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "ஏம்மா, அத்தனை பேர் போயிட்டு வந்தாங்க. இந்தப் பையனைப் பார்த்தா மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியுது?" நான் கேட்ட குரல் நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும்.

"நான் குத்தம் சொல்லலை சார். உள்ள பழ வாசனை வந்துச்சு. குப்பைத்தொட்டி வரைக்கும் பாத்துட்டேன், ஒண்ணும் இல்லை. கேக்காம விட்டா அது என் தப்பு. கேட்டுட்டேன். அப்படி ஏதாவது இருந்தா பைக்குள்ளயே இருக்கட்டும் தம்பி." அவ்வளவுதான், போயிட்டாங்க.

இறங்கும்போது அதே பொண்ணு கதவுகிட்ட நின்னு கை கூப்பி வணக்கம் சொல்லுச்சு. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டு இறங்கினேன்.

மூணாம் நாள். அக்கா துணி ஊறப்போடறதுக்காகப் பையனோட ஜீன்ஸ் பாக்கெட்டைத் துழாவினா. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சாமான் வந்தது. "தம்பி, இது உன் ஆபீஸ் பென் டிரைவா?"ன்னு என்கிட்ட நீட்டினா. வாங்கி மூக்குகிட்ட வெச்சுப் பார்த்தேன். மாம்பழ வாசனை.

பையன்கிட்ட என்ன பேசினேன்ங்கறது எங்க வீட்டு விஷயம். ஆனா திரும்பி வரும்போது, விமானத்துல கழிப்பறை வாசல்ல நின்னுட்டிருந்தேன். கதவுல 'புகை பிடிக்காதீர்' படம். அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே, இழுத்தா திறக்கிற ஒரு குட்டி ஆஷ்ட்ரே. இதுக்கு முன்னாடி எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். அன்னிக்குத்தான் உறைச்சது. பிடிக்கக்கூடாதுன்னு சொல்ற இடத்துல சாம்பல் தட்ட எதுக்குக் கிண்ணம்? ஒன்றுக்கொன்று முரணான ரெண்டு என்ட்ரி ஒரே பக்கத்துல இருந்தா, நம்மாளுங்க உடனே வவுச்சரைத் தேடுவோம் இல்லையா? அப்படித் தேடிப் போனதுதான் இந்தப் பதிவு.

ஹைட்ரஜனுக்குக் கீழே ஒரு புகை அறை

1936-ல் ஜெர்மனிக்காரங்க 'ஹிண்டன்பர்க்'னு ஒரு ஆகாயக் கப்பல் விட்டாங்க. 245 மீட்டர் நீளம். அதை மிதக்க வெச்சது ஹைட்ரஜன் வாயு, ஒரு பொறி பட்டா போதும். அதுக்குள்ள பயணிகளுக்காகப் புகை பிடிக்க ஒரு தனி அறை வெச்சிருந்தாங்கன்னா நம்புவீங்களா?

கப்பல்ல ஏறும்போதே பயணிகள்கிட்ட இருந்த தீப்பெட்டி, லைட்டர் எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்குவாங்க. புகை அறைக்கு இரட்டைக் கதவு. உள்ளே காற்றழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால ஹைட்ரஜன் கசிந்தாலும் உள்ளே வராது. மொத்த அறைக்கும் ஒரே ஒரு மின்சார லைட்டர். வாசல்ல ஒரு பணியாளர் நிப்பார். எரியற சிகரெட்டோட ஒருத்தரும் வெளியே வரக்கூடாது, அதைப் பார்க்கிறதுதான் அவர் வேலை.

1937 மே 6-ம் தேதி, அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் இறங்கும்போது அந்தக் கப்பல் எரிந்தது. 36 பேர் இறந்தாங்க. அந்தத் தீக்குப் புகை அறை காரணமில்லை. அந்த அறையைக் கட்டினவங்க ஒரு விஷயத்துல சரியா யோசிச்சிருந்தாங்க. புகை பிடிக்கிறவரோட வாக்குறுதியை நம்பலை, வாசல்ல ஒரு ஆளை நிறுத்தினாங்க. நம்ம நாகர்கோவில் பொண்ணுக்கு அந்த வாசல்காரர் ஒரு வகையில மூத்தவர்.

சிகரெட் நீட்டின கைகள்

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் விமானப் பயணம் பெருகினப்போ இந்த எச்சரிக்கை எல்லாம் காத்துல போச்சு. அமெரிக்க விமானங்கள்ல சாப்பாட்டுத் தட்டோட நாலு சிகரெட் இருக்கிற குட்டிப் பெட்டி இலவசமா வரும். ஒவ்வொரு சீட் கைப்பிடியிலும் ஆஷ்ட்ரே. அதை நீட்டினது, அப்புறம் அந்தச் சாம்பலைத் துடைச்சது, ரெண்டும் விமானப் பணிப்பெண்கள்தான்.

1973-ல் அமெரிக்க அரசு, புகை பிடிக்காதவங்களுக்குத் தனி வரிசைகள் ஒதுக்கணும்னு உத்தரவு போட்டது. நல்ல எண்ணம்தான். ஆனா ஒரே ஹால்ல ஒரு மூலையில மிளகாய் வறுத்துட்டு, எதிர் மூலையில இருக்கிறவங்க தும்ம மாட்டாங்கன்னு சொன்னா எப்படி? பயணியாவது சீட்டை மாத்திக்கலாம். பணியாளர்களுக்குத் தனி வரிசை எங்கே? கடைசி வரிசைக்கும் அவங்கதானே காபி கொண்டு போகணும்?

வெங்காய வயல்

அதே 1973. ஜூலை 11. பிரேசிலின் வாரிக் நிறுவனத்தோட போயிங் 707, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸின் ஓர்லி விமான நிலையத்துக்கு வந்துகிட்டிருந்தது. விமானத்துல 134 பேர். இறங்க இன்னும் சில நிமிஷங்கள்தான் இருக்கு. பின்பக்கக் கழிப்பறையிலிருந்து புகை கிளம்பியது. அணைக்கப் பார்த்தாங்க, முடியலை. புகை கேபினை நிரப்பி, விமானிகள் அறைக்குள்ளேயும் வந்துடுச்சு. எதிரே இருக்கிற கருவிகளே தெரியாத அளவுக்குப் புகை. பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கிட்டே, ஓடுபாதைக்குச் சுமார் 5 கிலோமீட்டர் முன்னாடி ஒரு வெங்காய வயல்ல விமானத்தை இறக்கினாங்க.

மோதி இறந்தவங்களைவிட நச்சுப் புகையை சுவாசிச்சு இறந்தவங்கதான் அதிகம். மொத்தம் 123 பேர். பிழைத்தவங்க 11 பேர். அதுல 10 பேர் பணியாளர்கள், ஒரே ஒருத்தர் பயணி. விமானத்தை இறக்கின கேப்டன் கில்பெர்த்தோ அராவ்ஜோ த சில்வா பிழைச்சார். ஆனா 1979 ஜனவரியில, டோக்கியோவிலிருந்து கிளம்பின ஒரு சரக்கு விமானத்தோட பசிபிக் கடல் மேல காணாமப் போனார். அந்த விமானம் இன்னிவரைக்கும் கிடைக்கலை.

ஓர்லி விபத்துல தீ கிளம்பின இடம் கழிப்பறைக் குப்பைத்தொட்டியா இருக்கலாம், காரணம் அதுல போட்ட சிகரெட் துண்டா இருக்கலாம்னு விசாரணை சொல்லிச்சு. மின்கோளாறையும் முழுசா ஒதுக்கலை. ஆனா உலகத்துக்கு அந்த 'இருக்கலாம்' போதுமானதா இருந்தது. கழிப்பறைக் குப்பைத்தொட்டியில என்ன இருக்கும்? கை துடைச்ச காகிதம். அதுல அணையாத ஒரு துண்டு விழுந்தா என்ன ஆகும்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

1974-ல் அமெரிக்க விமானத்துறை ஒரு உத்தரவு போட்டது. கழிப்பறையில புகை பிடிக்கக்கூடாது, குப்பைத்தொட்டியில சிகரெட் போடக்கூடாதுன்னு எழுதி ஒட்டணும். பணியாளர்கள் ஒவ்வொரு பயணத்திலும் அதை அறிவிக்கணும். குப்பைத்தொட்டி மூடி சரியா மூடுதான்னு குறிப்பிட்ட இடைவெளியில சோதிக்கணும். கழிப்பறைக் கதவுகிட்ட ஆஷ்ட்ரே வைக்கணும்.

நான் தேடின வவுச்சர் இதுதான். இன்னிக்கும் அமெரிக்க விதியில, விமானத்துல வேற எங்கேயும் புகை பிடிக்க அனுமதி இருந்தாலும் இல்லாட்டாலும், கழிப்பறைக் கதவுகிட்ட ஆஷ்ட்ரே இருந்தே ஆகணும்னு எழுதியிருக்கு. யாராவது ஒருத்தன் விதியை மீறத்தான் போறான். மீறினவன் மாட்டிக்குவோம்னு பயந்து துண்டைக் காகிதக் குப்பையில ஒளிப்பான். அந்த நேரத்துல அவன் கைக்கு எட்டுற தூரத்துல ஒரு உலோகக் கிண்ணம் இருக்கட்டும்.

நம்ம பாஷையில சொன்னா இது ப்ரொவிஷன். திரும்பி வராதுன்னு நினைச்சுக்கிட்டு நாம யாருக்கும் கடன் கொடுக்கிறதில்லை. ஆனாலும் வராத கடனுக்கு ஒதுக்கீடு செஞ்சுதான் ஆகணும். ஒதுக்கீடு செஞ்சதால கடனைத் திருப்ப வேண்டாம்னு அர்த்தமாயிடுமா?

ஒன்றரை நிமிஷம்

பத்து வருஷம் கழிச்சு, 1983 ஜூன் 2. ஏர் கனடாவின் டி.சி-9 விமானம் ஒண்ணு டாலஸிலிருந்து டொராண்டோ போய்க்கிட்டிருந்தது. 46 பேர். பின்பக்கம் ஏதோ நாத்தம்னு ஒரு பயணி சொன்னார். பணியாளர்கள் போய்ப் பார்த்தா கழிப்பறை முழுக்கப் புகை. குப்பைத்தொட்டித் தீன்னு நினைச்சு அணைப்பானை அடிச்சாங்க. தீ தொட்டியில இல்லை, சுவருக்குப் பின்னால இருந்தது.

அதுக்கப்புறம் அந்தப் பணியாளர்கள் செஞ்சதைப் படிக்கணும். பின்னாடி இருந்தவங்களை முன்னாடி வரிசைகளுக்கு மாத்தினாங்க. ஈரத் துண்டுகளைக் கொடுத்து மூக்கை மூடிக்கிட்டு மூச்சு விடச் சொன்னாங்க. திடமான சில பயணிகளைத் தேர்ந்தெடுத்து, இறங்கினதும் அவசர வழியை எப்படித் திறக்கணும்னு சொல்லிக் கொடுத்தாங்க. சின்சினாட்டி விமான நிலையத்துல விமானம் முழுசாவே இறங்கிடுச்சு. கதவுகள் திறந்தன. உள்ளே புது காற்று போச்சு. ஒன்றரை நிமிஷத்துக்குள்ள கேபின் முழுக்கக் குப்புன்னு பத்திக்கிச்சு. 23 பேர் வெளியே வந்திருந்தாங்க. மீதி 23 பேர் வரலை.

தீ எப்படி ஆரம்பிச்சதுன்னு கடைசி வரைக்கும் உறுதியா கண்டுபிடிக்க முடியலை, சிகரெட்டுன்னு யாரும் சொல்லலை. ஆனா கழிப்பறைத் தீயைச் சீக்கிரம் தெரிஞ்சுக்கலைன்னா தரையில இறங்கினாலும் போதாதுன்னு தெரிஞ்சது. 1985-ல் வந்த அமெரிக்க விதிகளால கழிப்பறைகள்ல புகை உணர் கருவியும், குப்பைத்தொட்டிக்குள்ள தானாவே பீய்ச்சற அணைப்பானும் கட்டாயமாச்சு.

இப்ப அந்த அலாரம் அடிச்சா பணியாளர்கள் என்ன செய்வாங்க தெரியுமா? "எவன்டா பிடிக்கிறான்"னு போக மாட்டாங்க. தீன்னு வெச்சுக்கிட்டுத்தான் போவாங்க. கதவைத் தட்டுவாங்க. புறங்கையை வெச்சுச் சூடு பார்ப்பாங்க. இன்னொருத்தர் கேப்டனுக்குத் தகவல் சொல்லுவார். அணைப்பான் கையில தயாரா இருக்க, கதவைக் கொஞ்சமாத் திறப்பாங்க. உள்ளே ஒருத்தர் அசட்டுச் சிரிப்போட நின்னாலும் குப்பைத்தொட்டியைக் கிளறிப் பார்க்காம விட மாட்டாங்க. "குப்பைத்தொட்டி வரைக்கும் பாத்துட்டேன்"னு அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னதுக்குப் பின்னால இவ்வளவு இருக்கு. நான் அதை ஒரு சாக்குன்னு நினைச்சேன்.

யாரோட நுரையீரல்?

நியாயமா பார்த்தா 1973-லயே தடை வந்திருக்கணும். வரலை. அமெரிக்க உள்நாட்டு விமானங்கள்ல தடை வந்தது 1988 ஏப்ரல் 23-ல். அதுவும் ரெண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணங்களுக்கு மட்டும். அந்தச் சட்டத்தை முன்னெடுத்த ரிச்சர்ட் டர்பினுக்கு 14 வயசு இருக்கும்போதே அவரோட அப்பா நுரையீரல் புற்றுநோயால இறந்தார். அப்பாவுக்கு வயசு 53. 1987-ல் கீழ்ச்சபையில அந்தத் திருத்தம் வெறும் அஞ்சு ஓட்டு வித்தியாசத்துல, 198-க்கு 193-ன்னு ஜெயிச்சது. அதே சட்டத்துல, புகை உணர் கருவியில கை வெச்சா 2,000 டாலர் அபராதம்னும் சேர்த்தாங்க.

1990-ல் ஆறு மணி நேரம் வரைக்கும் தடை. 1992-ல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, 1996 ஜூலைக்குள்ள உலகம் முழுக்க நிறுத்துங்கன்னு தீர்மானம் போட்டது. 2000-ல் அமெரிக்காவுக்குப் போற வர எல்லா விமானத்துலயும் தடை.

இந்தத் தேதிகளுக்கு நடுவுல ஒரு வழக்கு. நார்மா ப்ராய்ன் ஒரு அமெரிக்க விமானப் பணிப்பெண். சிகரெட் பழக்கமே இல்லாதவர். 1989-ல், 32 வயசுல அவருக்கு நுரையீரல் புற்றுநோய்னு தெரிஞ்சது. 1991-ல் மியாமியில அவரும் சக ஊழியர்களும் சிகரெட் கம்பெனிகள் மேல வழக்கு போட்டாங்க. புகை பிடிக்காத சுமார் 60,000 பணியாளர்கள் சார்பா நடந்த வழக்கு அது. 1997-ல் கம்பெனிகள் 300 மில்லியன் டாலர் கொடுத்து சமரசத்துக்கு வந்தாங்க. அந்தப் பணம் யாரோட பாக்கெட்டுக்கும் போகலை. புகையால வர்ற நோய்களை ஆராய ஒரு அறக்கட்டளை தொடங்கினாங்க.

ஒரு காலத்துல தட்டுல சிகரெட் நீட்டினவங்களேதான் அதுக்கு எதிரா கோர்ட் படி ஏறினாங்க. "யூஸ் பண்ணீங்களா?"ன்னு கேட்கிற உரிமை அவங்களுக்கு எப்படி வந்ததுன்னு யாராவது கேட்டா இதைத்தான் சொல்லுவேன்.

மாம்பழ வாசனை

2003-ல் சீனாவுல ஹோன் லிக்ங்கற மருந்தாளுநர் இன்னிக்கு நாம பார்க்கிற மின் சிகரெட்டை உருவாக்கினார். அவரோட அப்பாவும் நுரையீரல் புற்றுநோயால இறந்தவர்தான். அதே நோய்க்கு அப்பாவைக் கொடுத்த டர்பின் அமெரிக்காவுல தடைச் சட்டம் கொண்டு வந்தார். இவர் சீனாவுல புகையில்லாத சிகரெட் கண்டுபிடிச்சார்.

மின் சிகரெட்டுல நெருப்பு கிடையாது. ஒரு திரவத்தை பேட்டரியால சூடாக்கி ஆவியாக்கறாங்க. அந்த ஆவி நுண்ணிய துளிகள். கழிப்பறைக் கருவி அந்தத் துளிகளைப் பிடிச்சாலும் பிடிக்கும், சில சமயம் அதுக்குள்ள கலைஞ்சும் போயிடும். சாம்பல் இல்லை, துண்டு இல்லை, தடயமும் இல்லை. மிஞ்சறது ஒரு வாசனையும், உள்ளே போய் ரொம்ப நேரம் ஆச்சேங்கற சந்தேகமும்தான். எழுபதுகள்ல சிகரெட் துண்டைத் தேடினவங்க, இப்ப மாம்பழ வாசனையைத் தேட வேண்டியிருக்கு.

"நெருப்புதான் இல்லையே, அப்புறம் என்ன?"ன்னு எங்க பையனும் கேட்டான். நெருப்பு பேட்டரியில இருக்கு. 2014 ஆகஸ்டுல பாஸ்டன் விமான நிலையத்துல, சரக்கு அறைக்குப் போன ஒரு பெட்டிக்குள்ள இருந்த மின் சிகரெட்டால தீப்பிடிச்சு, விமானத்திலிருந்து ஆட்களை இறக்க வேண்டி வந்தது. 2015-ல் சர்வதேச அமைப்பு, பெரிய பெட்டியில அதை வைக்கவே கூடாது, விமானத்துல சார்ஜும் பண்ணக்கூடாதுன்னு விதி போட்டது. 2016-ல் அமெரிக்கா, விமானத்துல புகைத் தடைன்னா மின் சிகரெட்டுக்கும் சேர்த்துத்தான்னு வெளிப்படையா எழுதி வெச்சது.

தப்பு பண்றவங்க பயணிகள் மட்டும்னு நினைச்சுடாதீங்க. 2018 ஜூலை 10-ம் தேதி, ஏர் சைனாவின் போயிங் 737 ஒண்ணு ஹாங்காங்கிலிருந்து டாலியன் போய்க்கிட்டிருந்தது. 153 பயணிகள். துணை விமானி காக்பிட்லயே மின் சிகரெட் பிடிச்சார். ஆவி கேபினுக்குப் போயிடக்கூடாதுன்னு, கேப்டன்கிட்ட சொல்லாம, காற்றைச் சுழற்றுற விசிறியை அணைக்கப் போனார். கை தவறி ஏர் கண்டிஷனையே அணைச்சுட்டார். உள்ளே காற்றழுத்தம் குறைய ஆரம்பிச்சது. எச்சரிக்கை மணி அடிச்சது. பயணிகள் தலைக்கு மேல ஆக்சிஜன் முகமூடிகள் விழுந்தன. சுமார் 35,000 அடியில பறந்த விமானம் 10,000 அடி வரைக்கும் அவசரமா இறங்கினது. அப்புறம் தப்பைக் கண்டுபிடிச்சு, மறுபடி மேலேறி டாலியன் போய்ச் சேர்ந்தாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. அந்த விமானிகளோட வேலை போச்சு.

இதுல எனக்குப் பட்டது ஒண்ணு. ஆபத்தைக் கொண்டு வந்தது அந்த ஆவி இல்லை, அதை மறைக்கப் போன கை. ஓர்லியில குப்பைத்தொட்டிக்குப் போன துண்டு, டாலியன் விமானத்துல ஸ்விட்ச்சுக்குப் போன விரல், என் பக்கத்து சீட்டுல "இல்லையே"ன்னு சொன்ன வாய். அளவுதான் வேற வேற.

நம்ம நாட்டுல

2019 செப்டம்பர் 18-ம் தேதி மத்திய அரசு மின் சிகரெட்டுக்கு அவசரச் சட்டம் மூலமா தடை போட்டது. செய்தியாளர்கள்கிட்ட அதை அறிவிச்சவர் நம்ம மதுரையில பிறந்த நிர்மலா சீதாராமன். அதே வருஷம் டிசம்பர்ல அது முழுச் சட்டமாச்சு. தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்க, விளம்பரம் பண்ண, எல்லாத்துக்கும் தடை. முதல் தடவை மாட்டினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், அல்லது ரெண்டும். அப்படியும் எங்க பையன் கைக்கு அது எப்படி வந்ததுங்கறதைத் தனிப் பதிவாத்தான் எழுதணும்.

விமானத்துக்குள்ள கேப்டனுக்கு இருக்கிற அதிகாரம் 1963 டோக்கியோ ஒப்பந்தத்துல இருந்து வருது. நம்ம நாடு அதுக்காக 1975-ல் தனிச் சட்டம் போட்டது. பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கிறவரைக் கட்டுப்படுத்தவும், தரையிறங்கினதும் ஒப்படைக்கவும் கேப்டனுக்கு உரிமை உண்டு. 2017-ல் நம்ம விமானத்துறை இயக்குநரகம், முரட்டுப் பயணிகளை மூணு நிலையாப் பிரிச்சது. வாய்த் தகராறுக்கு மூணு மாசம் வரைக்கும், கை வெச்சா ஆறு மாசம் வரைக்கும், உயிருக்கு ஆபத்துன்னா குறைஞ்சது ரெண்டு வருஷம் பறக்கத் தடை. முடிவு பண்ணப்போற குழுவுக்கு ஒரு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். ஆக, பணியாளர் புகார் கொடுக்கலாம், தீர்ப்பு சொல்ல முடியாது. புகாரே கொடுக்காம விட்டாலும் தப்பு. 2022 டிசம்பர்ல பாரிஸ் - டெல்லி விமானத்துல ஒருத்தர் கழிப்பறையில புகை பிடிச்சதையும் இன்னொரு சம்பவத்தையும் தெரிவிக்கலைன்னு, 2023 ஜனவரியில ஏர் இந்தியாவுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டாங்க.

2023 மார்ச்ல லண்டன் - மும்பை விமானத்துல நடந்தது இன்னும் வேடிக்கை. கழிப்பறையில புகை பிடிச்சு அலாரம் அடிச்சது. அப்புறம் ஆர்ப்பாட்டம் பண்ணினவரைக் கை காலைக் கட்டி உட்கார வெச்சாங்க. அந்தேரி கோர்ட் 25,000 ரூபாய் கட்டினா ஜாமீன்னு சொன்னது. அவர், "இன்டர்நெட்ல பார்த்தேன், இந்தப் பிரிவுக்கு அபராதம் 250 ரூபாய்தான், அதைக் கட்டறேன்"னார். அப்ப இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 336-வது பிரிவுல அந்த 250 ரூபாய் நிஜமாவே இருந்தது! ஆனா ஜாமீன் தொகை வேற, அபராதம் வேற. கட்ட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சு ஜெயிலுக்குப் போனார். மார்ஜின் மணிக்கும் ப்ராசஸிங் ஃபீஸுக்கும் வித்தியாசம் தெரியாம சண்டை போடுற கஸ்டமர்கள் ஞாபகம்தான் எனக்கு வந்தது :-)

கள்ள நோட்டும் சந்தேகமும்

கடைசியா என் தொழில்லேருந்து ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன்.

கவுண்டர்ல கட்டு கட்டா பணம் வரும். நடுவுல ஒரு கள்ள நோட்டு இருக்கும். கொண்டு வந்தவர் பெரும்பாலும் அப்பாவி, மளிகைக்கடைக்காரரா இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துப் பாவமா இருக்கும். ஆனா ரிசர்வ் வங்கி விதி தெளிவா இருக்கு. அந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. முத்திரை குத்தி, பறிமுதல் பண்ணி, ரசீது கொடுக்கணும். ஒரே தடவையில நாலு நோட்டு வரைக்கும்னா மாசக் கடைசியில போலீசுக்கு மொத்தமா அறிக்கை போகும். அஞ்சு அல்லது அதுக்கு மேல போனா உடனே எஃப்.ஐ.ஆர். "ஏன் சார், என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?"ன்னு அவர் கேட்பார். இருபது வருஷமா எத்தனை பேர் என்கிட்ட அப்படிக் கேட்டிருப்பாங்க! "உங்களைச் சொல்லலைங்க. நோட்டைப் பார்க்க வேண்டியது என் வேலை"ன்னு ஒவ்வொரு தடவையும் பொறுமையா சொல்லியிருக்கேன்.

அதே வார்த்தையைத்தான் அந்தப் பொண்ணு என்கிட்ட சொன்னாங்க. எனக்குக் காது கேட்கலை.

அவங்க கையில இருந்தது ஒரு வாசனை மட்டும். பையைச் சோதிக்க அவங்க போலீஸ் இல்லை. சும்மா விட்டுடலாம், யாரும் கேட்கப் போறதில்லை. கத்தியும் கேட்கலாம், ஆனா பையன் ஒருவேளை பிடிச்சிருக்கலைன்னா? குனிஞ்சு, மெதுவா, ஒரே ஒரு தடவை கேட்டாங்க. தப்பு பண்ணினவனுக்கு எச்சரிக்கை, பண்ணலைன்னா அவமானம் இல்லை. இதைவிட நல்லா எப்படிக் கேட்கிறதுன்னு எனக்குத் தெரியலை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவனை அவமானப்படுத்தினது நான்தான், அவனுக்காகப் பேசறேன்னு நினைச்சுக்கிட்டு.

லீவுக்கு ஊருக்குப் பறக்கிற நம்ம வீடுகள்ல வயசுப் பசங்க இருக்காங்க. சீட்டுகிட்ட யாராவது வந்து மெதுவா ஏதாவது கேட்டா, முதல்ல பையன் முகத்தைப் பாருங்க. நான் அந்தப் பொண்ணு முகத்தையே முறைச்சுக்கிட்டிருந்தேன், பக்கத்துல அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.

அந்த விமான நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். தேதி, சீட் நம்பர், நேரம் எல்லாம் போட்டு, அன்னிக்குப் பணியில இருந்த நாகர்கோவில் பக்கத்துப் பெண்ணுக்கு என் மன்னிப்பையும் நன்றியையும் சேர்த்துடுங்கன்னு கேட்டிருந்தேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு தானியங்கி பதில் வந்தது. அவங்ககிட்ட போய்ச் சேர்ந்ததான்னு தெரியலை.

இந்த வருஷம் பொங்கலுக்கும் பையனோடதான் போனேன். கழிப்பறைப் பக்கம் போயிட்டு வந்தவன், "மாமா, அந்த ஆஷ்ட்ரே இந்த விமானத்துலயும் இருக்கு"ன்னான். "எங்கேயும் இருக்கும்டா"ன்னேன். இறங்கும்போது கதவுகிட்ட வேற ஒரு பொண்ணு நின்னு வணக்கம் சொல்லுச்சு. பையன் எனக்கு முன்னாடியே கை கூப்பிட்டான்.